இலை வெட்டப் போன நேரம்

என் அண்ணன் ஏரம்புவின் மனைவி அன்னபாக்கியத்தைப் பற்றித் துணுக்காயில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய நெய்யைத்தான் சொல்வார்கள். நான் முதலில் அவளுடைய பொறாமையைச் சொல்லுவேன். இரண்டும் ஒரே அடுப்பில் காய்ந்தவை. கலியாணம் முடிக்காமல் அண்ணன் வீட்டோடு இருந்தே நரைத்தவள் நான். இராசமலர் என் பெயர். எனக்குத் தெரியாமல் அந்தக் குசினியில் ஒரு கடுகு வெடித்ததில்லை. ஆனால் நெய் மட்டும் எனக்குத் தெரியாமலேதான் உருகியது.

மச்சாள் அன்னபாக்கியம் தாயில்லாமல் வளர்ந்தவள். வளர்த்தது சின்னம்மாக்காரி. அந்த மனுசி ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை, பிழைத்தால் அகப்பைக் காம்பால் அடிப்பது மட்டும்தான். சோறு குழைந்தால் முதுகில், பால் பொங்கி வழிந்தால் கையில். அடி விழுந்த இடத்தை வைத்துத்தான் எது பிழையென்று கண்டுபிடித்தேன் என்று மச்சாள் சொல்வாள். அப்படி அடிவாங்கி, சட்டி கருக்கி, தானாகவே எல்லாம் பழகிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

எங்கள் வீட்டில் அப்போது மாடும் எருமையுமாகப் பட்டி பெருகிக் கிடந்தது. பாலுக்குக் குறைவில்லை. அந்தப் பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிந்த ஆள்தான் இல்லை. மச்சாள் வந்த மாரிக்கே வீடு மாறிப்போனது. அடைமழையிலும் அவள் வைத்த தயிர் கத்தி வைத்து வெட்டலாம் போல உறையும். அவித்த நெல்லை வாயில் போட்டு ஒரு கடி கடித்து, இன்னும் கொஞ்சம் காயட்டும் என்பாள். குற்றினால் ஒரு அரிசி முறியாது. அவள் கட்டி வைத்த புளியில் அடுத்த வருடமும் புழு இருக்காது. நெய்யோ, மூடியைத் திறந்தால் வாசல் படலையடி வரைக்கும் மணக்கும்.

அயலிலுள்ள பெண்கள் வந்து கேட்பார்கள்.

"எப்பிடி அக்கா உங்களுக்கு மட்டும் இப்பிடி வருது?"

"எல்லாம் கைராசி."

கைராசி என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, மச்சாளுக்கு அது திண்டுக்கல் பூட்டைவிட நல்ல பூட்டு. தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தால், விளக்கு வைத்த பிறகு கொடுக்கக்கூடாது என்பாள். பகலில் வந்தால், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பாள். சனிக்கிழமை வந்தவளுக்கு, இப்போதுதான் பானையைக் கழுவினேன் என்று சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். எனக்கு வயிறு எரியும். அவள் மறைக்கிறாள் என்பதற்கல்ல, மறைக்க அவளிடம் ஏதோ இருக்கிறதே என்பதற்கு.

ஊருக்குத்தான் அப்படி, பெற்ற மகளுக்காவது சொல்லியிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். அதுதான் இல்லை.

அவளுக்கு ஒரே பெண், விமலேஸ்வரி. விமலா என்று கூப்பிடுவோம். நல்ல சாதுவான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வாசிப்பில் கெட்டிக்காரி, தையலும் வரும். குசினிக்குள் மட்டும் அவளுக்குக் கொடுத்த வேலை தேங்காய் துருவுவதும் பாத்திரம் மினுக்குவதும்தான். மச்சாளின் மறைப்பு எப்படியென்றால், தொடக்கத்தைப் பார்க்க விடுவாள், முடிவையும் பார்க்க விடுவாள், நடுவில் ஆளைக் கிளப்பிவிடுவாள். விமலா படித்த சமையலெல்லாம் நடு ஏடு கிழிந்த புத்தகம்.

நெய் உருக்கும் நாளைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சுடுசோறும் பருப்பும் புது நெய்யும் வாழையிலையில் சாப்பிடுவது வழக்கம். பலநாள் சேர்த்த வெண்ணெயைச் சட்டியில் போட்டு மச்சாள் அடுப்பில் ஏற்றுவாள். முருங்கையிலையை விமலாதான் உருவிக் கொடுப்பாள். வெண்ணெய் உருகி, நுரைத்து, சலசலவென்று சத்தம் போட்டுக் கொதித்து, அந்தச் சத்தம் அடங்கப் போகிற நேரம் பார்த்து மச்சாள் வாயைத் திறப்பாள்.

"விறகை இழுத்துப் போட்டிட்டு, போய் இலை வெட்டிக்கொண்டு வா பிள்ளை."

பிள்ளை விறகை இழுத்துவிட்டுக் கத்தியோடு கிணற்றடி வாழைக்குப் போவாள். நான் அங்கே இழுபட்டு நின்றால், "நீயும் போ மலர், அவள் கையை வெட்டிப்போடுவாள்" என்பாள். நாங்கள் இலையோடு திரும்பி வரும்போது நெய் வடித்து மண்முட்டிக்குள் போயிருக்கும். மச்சாள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி இருப்பாள். அந்த இடைவெளியில் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியாமல் நான் மண்டையை உடைத்துக்கொள்வேன். ஒருமுறை அவள் செத்தவீட்டுக்குப் போயிருந்த நேரம் நானே உருக்கிப் பார்த்தேன். கிண்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சட்டியில் மிஞ்சியது தார். மச்சாள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு என் காதுக்குள் கனகாலம் இருந்தது.

விமலா அதைக்கூடச் செய்து பார்க்கவில்லை. தாய் செய்ததைப் பார்ப்பாள், சொன்னதைச் செய்வாள், ஒரு நல்ல சொல் வருமா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வராது. பிள்ளை தைத்த சட்டையை ஊரே மெச்சினாலும் மச்சாள் திருப்பிப் பார்த்து, "நூல் கொஞ்சம் தொங்குது" என்பாள். மகளைப் பாராட்டினால் தன்னிடமிருந்து ஏதோ குறைந்துபோகும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அறுபத்தொன்றில் விமலாவுக்கு முள்ளியவளையில் கலியாணம் பேசிச் சரிவந்தது. மாப்பிள்ளை தில்லைநாதன், வயலும் மாடும் உள்ள குடும்பம். கலியாணத்துக்கு முதல் அண்ணன் ஒருநாள் வாய் திறந்தார். அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

"பிள்ளை போற இடத்திலையும் மாடும் கண்டுமா நிக்குது. இனியாவது அந்த நெய்யைச் சொல்லிக் குடன்."

"எனக்கு ஆர் சொல்லித் தந்தது? அடிவாங்கிப் பழகினனான். அவளும் பழகட்டும்."

"தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேறை எண்டு சும்மாவே சொன்னவங்கள்?" என்று சொல்லிவிட்டு அண்ணன் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். விமலா நடு ஏடு கிழிந்தபடியே புகுந்த வீட்டுக்குப் போனாள்.

நெய் வாங்குவதற்கு எங்கள் பக்கம் மஹ்றூப் என்றொரு வியாபாரி வருவார். முல்லைத்தீவுக்காரர். சைக்கிள் கரியரில் தகரம் கட்டி, காட்டுவழியெல்லாம் மிதித்து, வீடு வீடாக நெய் சேர்த்துக்கொண்டு போவார். நெய்யைப் பெருவிரல் நகத்தில் எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, மணந்து, பிறகுதான் பேசுவார். அவர் வாயால் நல்லது என்று வந்தால் அது நல்லதுதான். மச்சாளின் நெய்யை மட்டும் மணந்துகூடப் பார்க்கமாட்டார். "அன்னபாக்கியம் அக்காட நெய்யில என்ன பாக்கிறது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் வருகிற நாளில் மச்சாள் தலைவாரி நல்ல சேலை உடுத்திருப்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த பெயர் அவ்வளவுதான், அதை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

கலியாணம் முடிந்து அடுத்த வருடம் மஹ்றூப் வந்து சைக்கிளைச் சாத்தினார்.

"அக்கா, முள்ளியவளையில உங்கட மகளிட்டயும் நெய் எடுத்தனான்."

மச்சாளின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியதை நான் கண்டேன். பாவம், பிள்ளை கருக்கி வைத்திருக்கும் என்ற நினைப்பு. "எப்பிடி, பாவிக்கலாமோ?" என்று கேட்டாள்.

"கோவிக்கப்படாது அக்கா. நெய்யெண்டா நெய் அது. மணல் மணலா நிக்குது. உங்கட நெய்யில வாசம் இருக்கு. அந்தப் புள்ளயிட நெய்யில வாசமும் இருக்கு, மணலும் இருக்கு."

அவர் போன பிறகு மச்சாள் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் தயிர் புளித்துப்போனது, அவள் கையில் அப்படி நடந்ததை நான் முதல்முறையாகக் கண்டேன். ஊரில் வேறு யாராவது நல்ல நெய் உருக்கியிருந்தால் இரண்டு வசை பாடிவிட்டு ஆறியிருப்பாள். இது மகள். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் வயிறு பற்றி எரிந்தால் மனுசி அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? என்னிடம்தான் சொன்னாள்.

"அந்த மாமியாக்காரி சொல்லிக் குடுத்திருக்கிறாள் மலர். என்ரை பிள்ளைக்கு அவள் ஆர் சொல்லிக் குடுக்க?"

"நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லை, அவ குடுத்தா. அதிலை என்ன பிழை?"

"நீ வாயை மூடு."

வைகாசி பிறந்ததும் மகளின் ஊருக்குப் பக்கத்திலுள்ள வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அம்மாளாச்சி மேல் திடீரென்று பக்தி ஏன் வந்ததென்று எனக்குத் தெரியும். மாங்குளத்தில் பஸ் மாறி, தூசியும் வெயிலும் தின்று, இரண்டு பேரும் முள்ளியவளையில் போய் இறங்கினோம்.

விமலா கொஞ்சம் சதைபிடித்து வடிவாக இருந்தாள். தாயைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கினாள். அவளுடைய மாமியார் கள்ளமில்லாத மனுசி, பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். "நெய் எண்டால் உங்கடை மகளின்ரை நெய்தான் சம்மந்தி, சந்தி முழுக்க அதுதான் கதை" என்று படலையிலேயே தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மச்சாள் தலையாட்டினாள். அவள் காதால் புகை வந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் நெய் உருக்கினார்கள். நாங்கள் வந்த மரியாதைக்கு மாமியார் விடியவே இலை வெட்டிக் கழுவி அடுக்கி வைத்திருந்தாள். மச்சாள் அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நானும் வாசற்படியில் இருந்தேன். விமலா வெண்ணெயைப் போட்டாள், உருகியது. நுரைத்தது. முருங்கையிலை போட்டாள். சலசலப்பு மெல்ல அடங்கத் தொடங்கியது. இனி என்ன செய்யப் போகிறாளோ என்று மச்சாள் கழுத்தை நீட்டினாள்.

விமலா விறகை இழுத்து வெளியே போட்டாள். எழுந்தாள். ஓலைச் செத்தையில் செருகியிருந்த கத்தியை எடுத்தாள்.

"நெய்யை விட்டிட்டு எங்கையடி போறாய்?"

"இலை வெட்ட அம்மா."

"இலை இஞ்சை கிடக்குதெல்லே!"

"அது கிடக்கட்டும். நெய் உருக்கேக்கை இலை வெட்டப் போகவேணும். போகாட்டில் நெய் சரிவராது."

"ஆர் உனக்குச் சொன்னது?"

விமலா தாயை அதிசயமாகப் பார்த்தாள். "நீங்கள்தானே அம்மா காட்டித் தந்தனீங்கள். ஒவ்வொருமுறையும் இந்த இடத்திலைதானே என்னை இலை வெட்ட அனுப்புவியள். நெய்யைத் தனிய இருக்கவிடுறதுதான் பக்குவம் எண்டு நான் அப்பவே விளங்கிக்கொண்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்து சீலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். மாமியாருக்கு இதெல்லாம் விளங்கவில்லை.

"முதல்லை நானும் சிரிச்சனான் சம்மந்தி. ஒருநாள் மழையெண்டு போகாமல் நிண்டவள். சும்மா நிக்கேலாமல் அகப்பையைப் போட்டுக் கிண்டினாள். அடியிலை கிடந்த கசடெல்லாம் எழும்பி, நெய் கலங்கி, மணலும் பிடிக்கேல்லை. கிண்டாமல் அப்பிடியே ஆறவிட்டால்தான் திறம். அதுக்குப் பிறகு நானே கத்தியை எடுத்துக் குடுத்து அனுப்பிறது. நல்லாத்தான் பழக்கி விட்டிருக்கிறியள்."

விமலா இலை வெட்டப் போனாள். மாமியார் அரிசி களையக் கிணற்றடிக்குப் போனாள். குசினிக்குள் மச்சாளும் நெய்ச்சட்டியும்தான்.

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெய் தெளிந்து, அடி தெரிய, பேசாமல் கிடந்தது. பிறகு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வறுத்து இடித்த வெந்தயம். துணுக்காயிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். ஒரு சிட்டிகை நெய்யில் போட்டாள், அகப்பையை எடுத்தாள்.

"மச்சாள், என்ன செய்யிறியள்?"

"பேசாமல் இரு."

கிண்டினாள். அடியோடு சேர்த்துக் கிண்டினாள். இதற்குத்தானா இத்தனை வருடமாக என்னையும் பிள்ளையையும் வாழையடிக்கு விரட்டினாள் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு சிட்டிகை வெந்தயம்! ஆனால் எங்கள் வீட்டில் அவள் கிண்டிய கையோடு சீலையில் வடித்துவிடுவாள், நெய் தெளிந்திருக்கும். இங்கே வடிக்கவில்லை. கிண்டிவிட்டு அகப்பையைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். கை பழகிப்போய் அப்படிச் செய்துவிட்டாள் என்று நான் அவளுக்காகச் சாக்குச் சொல்லமாட்டேன். சம்மந்தி சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு, தெரிந்துதான் கிண்டினாள்.

விமலா வந்தாள். சட்டியைத் தொடவில்லை. எல்லோரும் இலையில் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நெய்யை மேலோடு அள்ளி முட்டியில் விட்டாள். நெய்யின் நிறத்தைப் பார்த்து அவள் நெற்றி சுருங்கியது. மச்சாள் அன்று முழுவதும் தலையிடி என்று படுத்திருந்தாள்.

மறுநாள் வெயில் ஏற முதல் மஹ்றூப் வந்தார். நாங்கள் உள்ளே இருந்ததை அவர் காணவில்லை. முட்டியைத் திறந்து, நகத்தில் எடுத்து, வெயிலில் பிடித்தார். மணந்தார். மறுபடி பிடித்தார்.

"என்ன புள்ள, கலங்கிப் போச்சே. கைப்பக்குவமும் வேற மாதிரி இருக்கு." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "பரவாயில்ல, இது வீட்டுக்கு இருக்கட்டும். அடுத்தமுறை எடுக்கிறன்."

சைக்கிள் மணிச்சத்தம் சந்தியில் மறைந்தது. விமலா முட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து தாயின் முன்னால் அதைக் கொண்டுவந்து வைத்தாள். மாமியாரும் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, நான் எங்கை பிழைவிட்டனான்?"

மச்சாள் முட்டியின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள்.

"விறகு எல்லாம் நேரத்துக்குத்தான் இழுத்தனான். இலையைத்தான் கெதியா வெட்டிப்போட்டனோ தெரியேல்லை. மற்ற நாளிலை பக்கத்து வளவு லதீபாவோடை கதைச்சுக் கதைச்சு மெல்லத்தான் வருவன். நேற்று அம்மா வந்திருக்கிறியள் எண்டு ஓடி ஓடி வந்திட்டன். அதாலையோ? சொல்லுங்கோ அம்மா. உங்களுக்குத் தெரியாததோ."

மச்சாள் என்னைப் பார்த்தாள். ஓம், அதுதான் பிழை என்று சொன்னால் போதும். பிள்ளை நம்பும். துணுக்காயில் அவள் நெய்தான் மறுபடியும் நெய். என்னால் அவளுக்கு ஒரு உதவியும் செய்ய முடியாது, செய்கிற எண்ணமும் எனக்கு இல்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

"நீ பிழை விடேல்லை" என்றாள் மச்சாள். "நான் கிண்டினனான்."

"ஏன் சம்மந்தி?" என்று மாமியார் கேட்டாள். விமலா கேட்கவில்லை.

"ஏனெண்டால், இவளின்ரை நெய் என்ரை நெய்யைவிடத் திறம்." மச்சாளின் குரல் சண்டைக்காரி குரலாகத்தான் இருந்தது, யாரோ அவளிடமிருந்து பறித்து எடுப்பது போல. "எனக்கு ஒருநாளும் அப்பிடி மணல் பிடிச்சதில்லை. எனக்குப் பொறுக்கேல்லை, கிண்டினனான். போதுமே?"

விமலா அந்த நாளில் போலவே தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே குந்தி, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

மாமியார் பதறிப்போய் அவளுடைய முதுகைத் தடவினாள்.

"ஒரு முட்டி நெய்தானே பிள்ளை. அதுக்குப் போய் இப்பிடி அழுறதே?"